சீனாவில் ஆற்றுப் படகுப் பயணம்: நேரம் குறைவு என்றால் லி ஆறுதான்

சீனாவுக்குப் போகிறோம், அப்படியே ஆற்றில் ஒரு கப்பல் பயணமும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் யாங்சி நதியை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். கையில் நான்கைந்து நாள் உபரியாக இல்லையென்றால் யாங்சியை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே குவாங்சியில், குய்லின் நகரத்திலிருந்து யாங்ஷுவோ வரை போகும் லி ஆற்றுப் படகில் ஏறுங்கள். 83 கிலோமீட்டர், நான்கு அல்லது நான்கரை மணி நேரம், காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி இறங்கிவிடலாம். இவ்வளவு குறைந்த நேரத்தில் இவ்வளவு அழகைக் காட்டும் படகுப் பயணம் வேறு எதிலும் நான் போனதில்லை.

படகு குய்லின் நகருக்குள்ளிருந்து கிளம்பாது, இது பலருக்குத் தெரிவதில்லை. மோபன்ஷான், ஜுஜியாங் என்று ஊருக்கு வெளியே இரண்டு படகுத்துறைகள் இருக்கின்றன, பஸ்ஸிலோ காரிலோ முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கு நட்சத்திரப் படகுகள் மோபன்ஷானிலிருந்தும் மூன்று நட்சத்திரப் படகுகள் ஜுஜியாங்கிலிருந்தும் புறப்படுகின்றன. மூன்று நட்சத்திரத்துக்கு 200 யுவானுக்குக் கொஞ்சம் மேலே, நான்கு நட்சத்திரத்துக்கு 350 யுவானை ஒட்டி வரும், பருவத்துக்கு ஏற்ப ஏறும் இறங்கும். இரண்டும் ஒரே ஆற்றில்தான் போகின்றன, மலையும் ஒன்றுதான். நான்கு நட்சத்திரத்தில் இருக்கை கொஞ்சம் அகலம், ஏசி ஒழுங்காக வேலை செய்யும், ஆங்கிலத்தில் அறிவிப்பு உண்டு. வயதானவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட வந்தால் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுத்துவிடலாம். மற்றவர்களுக்கு மூன்று நட்சத்திரமே போதும், ஏனென்றால் நீங்கள் உள்ளே உட்காரப் போவதே இல்லை, உட்காரவும் கூடாது.

மேல்தளம்தான் எல்லாம். மேலே நாற்காலி கிடையாது, நிழலும் கிடையாது, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். படகு கிளம்பி முதல் அரை மணி நேரத்தில் எல்லோரும் மேலே ஏறிப் படம் எடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவார்கள், அப்போது அவசரப்பட வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் கரையில் மூங்கில் புதர்கள், நீரில் முக்கால் உடம்பை முக்கிக்கொண்டு நிற்கும் எருமைகள், தூரத்தில் குன்றுகள், அவ்வளவுதான். யாங்டி என்ற ஊரைத் தாண்டியதும்தான் நிஜமான பயணம் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து ஷிங்பிங் என்ற ஊர் வரைக்கும் இரண்டு பக்கமும் குன்றுகள் ஆற்றை நெருங்கி வந்து நிற்கும், படகு ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது முன்னால் இருக்கிற குன்று விலகி பின்னால் இன்னும் நான்கு தெரியும், ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதைவிட ஒரு சாயல் வெளுப்பாக, கடைசியில் இருப்பது மலையா மேகமா என்றே சொல்ல முடியாது.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான் இதெல்லாம். மழைநீர் கரைத்துக்கொண்டே வர, கரையாமல் மிஞ்சியவை இப்படிச் செங்குத்தாக நிற்கின்றன. அதனால்தான் அடிவாரம் என்று ஒன்று சரிந்து வராமல், வயல் முடிகிற இடத்தில் பாறை நேராக எழும்புகிறது. இப்படிச் சுண்ணாம்புப் பாறை கரைந்து உருவாகும் நிலப்பரப்புக்குக் கார்ஸ்ட் என்று பெயர். 2014-ல் தென் சீனக் கார்ஸ்ட் உலகப் பாரம்பரியச் சின்னத்தோடு குய்லினையும் யுனெஸ்கோ சேர்த்தது. கேமராவில் இது பாதிதான் விழும், கண்ணால் பார்த்துக்கொண்டு வருவதுதான் நல்லது.

இப்போது என் பெரிய குறை. சாப்பாட்டை சரியாக இந்த யாங்டி-ஷிங்பிங் பகுதியில்தான் போடுகிறார்கள். பதினொன்றரை வாக்கில் கீழ்த்தளத்தில் பஃபே திறந்தது, மேல்தளமே காலியாகிவிட்டது, ஜன்னலுக்கு வெளியே சீனாவின் மிக அழகான மலைகள் போய்க்கொண்டிருக்க எல்லோரும் சாதத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். சாப்பாடும் அப்படி ஒன்றும் விசேஷம் இல்லை: ஆறிப்போன நூடுல்ஸ், முட்டைக்கோஸ் பொரியல் மாதிரி ஒன்று, எண்ணெயில் மிதக்கும் மீன். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு சாதமும் முட்டைக்கோஸும்தான் மிஞ்சும், அந்த முட்டைக்கோஸிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். அதனால் காலையிலேயே குய்லினில் வயிறு நிறைய அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, பையில் பழமும் பிஸ்கட்டும் போட்டுக்கொண்டு போங்கள். அந்த நூடுல்ஸ் கொஞ்சம் தடித்த இடியாப்பம் மாதிரி இருக்கும், மேலே வறுத்த சோயாவும் ஊறுகாய்ப் பயற்றங்காயும் நாமே அள்ளிப் போட்டுக்கொள்ளலாம், மலிவு, அருமையான ருசி. பஃபே மணி அடித்ததும் மற்றவர்கள் கீழே போக, நீங்கள் மேலே போய்விடுங்கள். அந்த முக்கால் மணி நேரம் மேல்தளம் கிட்டத்தட்ட உங்களுக்கே உங்களுக்கு.

அந்த நேரத்தில்தான் ஒன்பது குதிரைப் பாறையும் வருகிறது. ஆற்றில் நேராக இறங்கும் பெரிய செங்குத்துப் பாறை, அதில் வெள்ளை, பழுப்பு, சாம்பல் நிறக் கறைகள், அந்தக் கறைகளில் ஒன்பது குதிரைகள் இருப்பதாக ஐதீகம். ஒன்பதையும் கண்டுபிடிப்பவர் அந்தக் காலத்து அரசுத் தேர்வில் முதலாவதாக வருவார் என்பார்கள். எனக்குத் தலையைக் குனிந்து தண்ணீர் குடிக்கும் ஒரு குதிரை தெளிவாகத் தெரிந்தது, பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி தன் பேரனுக்கு விரலால் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார், அந்தப் பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அதைத் தாண்டினால் 20 யுவான் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் காட்சி. நோட்டு வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார்கள். அங்கே எல்லாமே போனில் ஸ்கேன் செய்து கொடுக்கும் பணம் என்பதால் பலரிடம் நோட்டு இருக்காது, ஆசைப்படுபவர்கள் ஒரு 20 யுவான் நோட்டை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அமைதியான பயணம் என்று நினைத்துப் போகாதீர்கள். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகத்தான் போகும், ஒலிபெருக்கி விடாமல் பேசும், நடுவில் பழச்சாறு, நினைவுப் பொருள் என்று ஏதாவது விற்றுக்கொண்டே இருப்பார்கள். நான் டிக்கெட் வாங்கிய ஏஜென்சி ஹோட்டலிலிருந்தே அழைத்துப்போவதாகச் சொல்லி, ஊர் முழுக்க மற்ற ஹோட்டல்களைச் சுற்றி ஆளேற்றிக்கொண்டு போனது, பஸ்ஸில் வந்த கைடு வழி நெடுக மாலை நிகழ்ச்சி டிக்கெட்டை விற்பதிலேயே குறியாக இருந்தார். துறைக்குத் தனியாக டாக்ஸி பிடித்துப் போவதும், டிக்கெட்டை மட்டும் தனியாக வாங்குவதும்தான் நிம்மதி. பாஸ்போர்ட் எண் கொடுத்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும், துறையில் அதே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், ஹோட்டல் லாக்கரில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். பெட்டிகளைப் படகில் கொண்டுபோகலாம்.

இது ஒருவழிப் பயணம், ஆற்றோட்டத்தின் திசையில் மட்டும்தான். பலர் யாங்ஷுவோவில் இறங்கி, ஒரு மணி நேரம் வெஸ்ட் ஸ்ட்ரீட் கடைத்தெருவில் சுற்றிவிட்டு, பஸ்ஸில் குய்லினுக்கே திரும்பிவிடுகிறார்கள், டூர்காரர்களும் அப்படித்தான் விற்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெட்டியோடு படகேறி யாங்ஷுவோவிலோ ஷிங்பிங்கிலோ ஓர் இரவாவது தங்குங்கள். வெஸ்ட் ஸ்ட்ரீட் ராத்திரி முழுக்க ஒரே இரைச்சல், அதனால் தெருவைவிட்டுத் தள்ளி அறை எடுங்கள். மறுநாள் காலை யூலோங் ஆற்றில் மூங்கில் தெப்பம். அது லி ஆற்றில் சேரும் சின்ன ஆறு, தெப்பத்துக்கு இரண்டு பேர், பின்னால் ஒருவர் கழி ஊன்றித் தள்ளுவார், மோட்டார் கிடையாது. சின்னச் சின்னத் தடுப்பணைகள் வரும்போது தெப்பம் மூக்கைக் கீழே நீட்டிச் சறுக்கி இறங்கும், கால் நனையும், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். யாங்டி பக்கம் லி ஆற்றிலும் மூங்கில் தெப்பம் என்று விற்கிறார்கள், அது பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டி மோட்டார் வைத்தது. சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் தண்ணீர் மட்டத்திலிருந்து அந்த மலைகளைப் பார்க்கலாம் என்பதால் அதையும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கரையில் நீர்க்காகத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் முதியவர்களைப் படம் எடுத்தால் பணம் கொடுக்க வேண்டும், கேட்டுவிட்டு எடுங்கள்.

சரி, யாங்சி? அதிலும் போயிருக்கிறேன், அது வேறு வகை. சோங்கிங்கில் ஏறி யீச்சாங்கில் இறங்க மூன்று இரவு, நான்கு பகல், எதிர்த்திசையில் வந்தால் இன்னும் ஒரு நாள் கூடும். கப்பல் நல்ல ஹோட்டல் மாதிரி, தனி அறை, பால்கனி, பெற்றோரை அழைத்துப்போக ரொம்ப வசதி. ஆனால் மூன்று பள்ளத்தாக்குகள் என்று எல்லோரும் சொல்வதில் மிக அழகான சூதாங் வெறும் 8 கிலோமீட்டர், காபி குடித்து முடிப்பதற்குள் கடந்துவிடும். மீதி நேரத்தில் பெரும்பகுதி அகலமான, பழுப்பு நிற நீர்த்தேக்கம்தான். இந்த நீர்த்தேக்கத்தை உண்டாக்கிய மூன்று பள்ளத்தாக்கு அணைக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது, கரையில் உயரத்தில் கட்டிய புதிய நகரங்களைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வராமல் இருக்காது. அணையில் 2016-ல் வந்த கப்பல் தூக்கி மட்டும் அதிசயம்: தண்ணீர்த் தொட்டியோடு கப்பலை அப்படியே 113 மீட்டர் வரை ஏற்றி இறக்குகிறது, சுமார் 40 நிமிடம். பெரிய பயணக் கப்பல்கள் அதில் போகாது, சிறிய படகுக்கு மாற்றுவார்கள், அதற்குத் தனிக் கட்டணம். கரையில் இறங்கிப் பார்க்கும் இடங்களில் எது டிக்கெட்டில் சேர்த்தி, எதற்குத் தனிக் காசு என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

லி ஆற்றுக்குப் போய்ச் சேருவதும் சுலபம். 2014 கடைசியில் அதிவேக ரயில் வந்த பிறகு குவாங்சோ நகரத்திலிருந்து குய்லின் மூன்று மணி நேரத்துக்குள். திரும்பும்போது யாங்ஷுவோ என்ற பெயரில் இருக்கும் ரயில் நிலையத்தில் ஏறலாம், ஆனால் அது உண்மையில் ஷிங்பிங்கில் இருக்கிறது, யாங்ஷுவோ ஊரிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதைக் கணக்கில் வைத்து ரயில் டிக்கெட் போடுங்கள். கிளம்பும் முன்பே போனில் அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியை நிறுவி உங்கள் வங்கி அட்டையை இணைத்துவிடுங்கள், தெப்பக்காரரிலிருந்து நூடுல்ஸ் கடை வரை எல்லோரும் அதில்தான் வாங்குகிறார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் மழை அதிகம், ஆனால் மழை விட்டதும் குன்றுகளுக்கு இடையில் மூட்டம் தங்கி நிற்கும், எனக்குப் பிடித்தது அதுதான். கனமழையில் ஆறு பெருகினால் படகை நிறுத்திவிடுவார்கள், ஒரு நாள் முன்னே பின்னே வைத்துக்கொள்வது நல்லது. வெயில் வேண்டும் என்பவர்களுக்கு செப்டம்பர் கடைசி, அக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு. குளிர்காலத்தில் நீர் வற்றினால் முழுத் தூரமும் ஓட்ட மாட்டார்கள், பாதி வழியில் ஏற்றுவார்கள், டிக்கெட் எடுக்கும்போது எங்கிருந்து எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் வாரமும் மே முதல் வாரமும் சீனர்களின் நீண்ட விடுமுறை, அந்த நாட்களில் மட்டும் போகவே வேண்டாம்.