ஆபீஸில் நம் வேலை கண்ணில் பட எந்த வழி தோது?

காரைக்குடியில் மின்சாதன மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தலைமை இங்கே. தேவகோட்டை, திருப்பத்தூர், புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று நான்கு கிளைகள். ஐந்து இடத்துச் சரக்கு இருப்பும் மாதக் கடைசியில் ஒத்துப்போனதாகச் சரித்திரமே கிடையாது. காரணம் சின்னது. அனுப்பும் கிளை, சரக்கு லாரியில் ஏறிய தேதியில் பதியும். வாங்கும் கிளை, இறக்கிய தேதியில் பதியும். முப்பதாம் தேதி சாயங்காலம் கிளம்பிய ஃபேன் பெட்டிகள் இரண்டு நாளைக்கு யார் கணக்கிலும் இருக்காது. ‘வழியில் உள்ள சரக்கு’ என்று தனிப் பத்தி ஒன்று போட்டு, ஐந்து இடத்துக்கும் பொதுவாக ஒரே எக்செல் ஷீட் தயாரித்தேன். ஒன்பது நாள் இழுத்த மாதக் கணக்கு மூன்று நாளில் முடிந்தது.

அடுத்த மீட்டிங்கில் மேனேஜர், “நாம ஒரு புது ஷீட் போட்டோம் முதலாளி, இப்பல்லாம் டாண்ணு முடிஞ்சிருது” என்றார். அந்த ‘நாம’வுக்குள் நான் எங்கே இருக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் புலம்பியதோடு சரி.

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. செய்த வேலை மேலே இருப்பவர்கள் கண்ணில் பட என்னென்ன வழி உண்டோ, அத்தனையையும் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக முயன்று பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளை வைத்துத்தான் எடை போடுகிறேன். நம்முடைய நேரம் எவ்வளவு போகிறது? சொன்னது எத்தனை நாள் நிற்கிறது? பக்கத்து சீட்டுக்காரர் முகம் எவ்வளவு சுருங்குகிறது? மூன்றாவது கேள்வி பெரிய நகரத்தில் அவ்வளவு முக்கியமில்லாமல் இருக்கலாம். இங்கே பக்கத்து சீட்டுக்காரர் நம் மாமன் மகனாகவோ, அடுத்த தெருக்காரராகவோ இருப்பார். அவரிடம் சாயங்காலம் செக்காலை ரோட்டில் டீக்கடையில் மறுபடி முழிக்க வேண்டும்.

‘சும்மா இருந்து வேலையைச் செய், வேலை பேசும்’ என்பதும் ஒரு வழிதான். அப்பா தலைமுறை முழுக்க அப்படித்தான் இருந்தது. ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது பூப்போட்ட தரை ஓடு, செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுவார்கள். பூவின் முகம் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். அதன் முதுகில் மணலும் சிமெண்டும் ஏறும். தண்ணீரில் ஊறி, கண்ணாடி கழன்ற பிறகுதான் பூ தெரியும். அங்கே கண்ணாடியைக் கழற்றுவது வேலையின் ஒரு பகுதி. ஆபீஸில் அந்தக் கடைசி வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. நாம் கழற்றாவிட்டால் முதுகுப்பக்கம்தான் கடைசிவரை தெரியும்.

மேனேஜர் திருடினார் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1979இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் தம்பதிகளைத் தனித்தனியாகக் கேட்டார்கள்: வீட்டுப் பொறுப்புகளில் உங்கள் பங்கு எவ்வளவு? பெரும்பாலான ஜோடிகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் நூறைத் தாண்டியது. அவரவர் செய்தது அவரவருக்குத்தான் பளிச்சென்று ஞாபகம் இருக்கும். எங்கள் மேனேஜர் நான்கு கிளைக்கும் போன் போட்டு, புது ஷீட்டுக்கு முரண்டு பிடித்தவர்களை வழிக்குக் கொண்டுவந்தார். அவர் ஞாபகத்தில் அந்த போன்கள் இருக்கின்றன. என் ஞாபகத்தில் ராத்திரி பதினொரு மணிவரை பார்த்த எக்செல் கட்டங்கள் இருக்கின்றன. ஆக, சும்மா இருப்பதற்குச் செலவு பூஜ்யம், பொறாமை பூஜ்யம், பலனும் பூஜ்யம்.

சரி, சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கே சொல்வது? மீட்டிங்கிலா, வாட்ஸ்அப் குரூப்பிலா?

குரூப்பை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பேச அதிகம் இல்லை. காலை பத்து மணிக்கு ‘புதுக்கோட்டை கிளைக் கணக்கு முடிந்தது’ என்று படத்தோடு போட்டேன். ஏழு கட்டைவிரல், ஒரு கும்பிடு. மறுநாள் காலை கொப்புடையம்மன் படம் போட்ட ‘இனிய காலை வணக்கம்’ ஒன்பது வந்து அதை மூடிவிட்டது. முதலாளி அந்தக் குரூப்பை எப்போதும் மியூட்டில் வைத்திருக்கிறார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் எல்லாம் என் சகாக்கள். “என்னப்பா, விளம்பரம் ஜோரா இருக்கே” என்று ஸ்டோர் அண்ணன் கேட்டபோது நிறுத்திவிட்டேன். லாரி தாமதம், சர்வர் கோளாறு என்று அவசரத்தைச் சொல்லத்தான் அந்த இடம்.

மீட்டிங் அப்படியில்லை. முதலாளி நேரில் இருக்கிறார், காது திறந்திருக்கிறது, இரண்டு நிமிடம் போதும். சிக்கல் நமக்குள்தான். தன்னைத்தானே மெச்சிக்கொள்வது அசிங்கம் என்று வளர்ந்த வாய் அது. ஆனால் தமிழ் இலக்கணமே இதற்கு வழி விட்டிருக்கிறது. என்னதான் சாதித்தாலும் தன்னைத்தான் புகழ்வது தகுதியில்லை என்று ஒரு சூத்திரத்தில் சொல்லும் நன்னூல், அடுத்த சூத்திரத்திலேயே புலவனுக்கு நான்கு விலக்குத் தருகிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்களுக்கு நடுவே, அவையில் வாதம் வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழித்தபோது. பள்ளியில் மனப்பாடம் பண்ணி மறந்த பாடம். ஆபீஸுக்கு இதைவிடத் தெளிவான விதியை நான் பார்த்ததில்லை. ஓலை என்ற இடத்தில் அப்ரைசல் படிவத்தை வைத்துப் பாருங்கள். திறமை தெரியாதவர்கள் என்ற இடத்தில் புதிதாக வந்த ஆடிட்டர்.

இந்த நான்கில் ஒன்று வாய்த்தால் மீட்டிங்கில் பேசுகிறேன், இல்லாவிட்டால் இல்லை. பேசும்போது எண்ணை முதலில் சொல்கிறேன்: “ஒன்பது நாள் மூணு நாளாச்சு முதலாளி. அறந்தாங்கி ஆளுங்க தேதியை மாத்திக்கிட்டதாலதான் முடிஞ்சுது.” அடுத்தவர் பெயரை முன்னால் வைத்தால், இதைச் செய்தது யார் என்ற கேள்வி தானாக நம் பக்கம் திரும்புகிறது. இதிலும் ஒரு குறை உண்டு. மீட்டிங்கில் சொன்னது மீட்டிங்கோடு போய்விடும். ஒரு வாரம் நின்றால் அதிகம்.

அடுத்தது, கூடுதல் வேலைக்குக் கை தூக்குவது. இதில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். ஆயுத பூஜையை நான்கு வருடம் எடுத்து நடத்தினேன். பொரி, சுண்டல், வாழைக்கன்று, ஐயருக்குத் தட்சிணை, எல்லாம் என் தலையில். இன்றைக்கும் ஆபீஸில் என் பெயரைச் சொன்னால் சிலருக்குச் சுண்டல்தான் ஞாபகம் வருகிறது. அதே ஆபீஸில் 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, பில்லிங்கில் இருந்த ஒருவர், “நான் கத்துக்கிட்டு வர்றேன்” என்று கை தூக்கினார். ஐந்து இடத்துப் பொருட்களுக்கும் வரி விகிதம் பிரித்துப் போட்டு, மாதாமாதம் ரிட்டர்ன் தாக்கல் செய்தார். இன்றும் அவர் ‘ஜிஎஸ்டி அண்ணன்’. முதலாளி எந்த முடிவுக்கும் அவரைக் கூப்பிடுகிறார். உழைப்பு இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றுக்கு முதலாளி நன்றி சொன்னார், மற்றதை நம்பி இருந்தார்.

பெண்களுக்கு இதில் பள்ளம் இன்னும் ஆழம். லிண்டா பாப்காக்கும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, பதவி உயர்வுக்கு உதவாத இந்த மாதிரி வேலைகளுக்கு ஆண்களைவிடப் பெண்களே அதிகம் முன்வருகிறார்கள் என்றும், பெண்களிடம்தான் அதிகம் கேட்கப்படுகிறது என்றும் காட்டியது. எங்கள் ஆபீஸில் கோலப்போட்டி, பிறந்தநாள் கேக், விருந்தாளிக்கு இடைப்பலகாரம் எல்லாம் எப்போதும் அதே இரண்டு பெண்களிடம்தான் போகும். அதில் ஒருவர் டாலி என்ற கணக்கு மென்பொருளில் என்னைவிடக் கெட்டி. வெளியில் தெரிந்தது அவருடைய வெள்ளைப் பணியாரம்தான்.

நான்காவது வழி, அடுத்தவர் வாய். ஜெஃப்ரி ஃபெஃபரும் ராபர்ட் சியால்டினியும் இன்னும் சிலரும் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒருவர் தன் பெருமையைத் தானே சொல்வதைவிட, அதையே அவருக்காக இன்னொருவர் சொன்னால், கேட்பவர்களுக்கு அவரை அதிகம் பிடித்துப்போகிறது. சொல்பவர் காசு வாங்கிக்கொண்டு பேசும் ஏஜெண்ட் என்று தெரிந்திருந்தும் அப்படித்தான். இது நம் ஊருக்குப் புதிதா என்ன? பெண் கேட்டுப் போகும் வீட்டில் மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளையா சொல்கிறார்? அதற்கென்று ஒருவர் முன்னால் போவார்.

எனக்கு அப்படி வாய்த்தவர் அறந்தாங்கிக் கிளைப் பொறுப்பாளர். அவருக்கு ஒரு தணிக்கைக் கேள்வியில் நான் உதவப்போக, அவர் முதலாளியிடம் போனில் இரண்டு வார்த்தை சொன்னார். நான் நான்கு வருடம் சுண்டல் அவித்துச் சாதிக்காததை அந்த இரண்டு வார்த்தை சாதித்தது. செலவு இல்லை, பொறாமை இல்லை, மாதக்கணக்கில் நின்றது. ஆனால் அந்த வாய் நம் கையில் இல்லையே. அவர் திருப்பூரில் வேறு வேலைக்குப் போனார், என் குரலும் அவரோடு பஸ் ஏறிவிட்டது.

மிச்சம் இருப்பது எழுதிக் கொடுக்கும் கணக்கு. என் ஓட்டு இதற்குத்தான்.

யோசித்துப் பார்த்தால், இந்தச் சிக்கலை இந்தச் செட்டிநாட்டு மண் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தினமும் சமாளித்திருக்கிறது. முதலாளி கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இருப்பார். கடை ரங்கூனிலோ பினாங்கிலோ இருக்கும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் பார்க்க, போன மேலாள் (கடைப் பொறுப்பாளர்) அங்கே என்ன செய்கிறார் என்பது முதலாளி கண்ணுக்கு ஒரு நாளும் படாது. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தது என்றால், இரண்டு கரைக்கும் நடுவே எவ்வளவு போக்குவரத்து இருந்திருக்கும்! அந்தக் கடலைத் தாண்டி வந்தது மேலாளின் முகம் அல்ல. அவர் எழுதிய கடிதமும், ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கும். பெட்டியடிப் பையன் என்ற கடை எடுபிடியாகப் போனவர், மேலாளுக்கு அடுத்த இடமான அடுத்தாள் ஆனதும், அடுத்தாள் மேலாள் ஆனதும் அந்தக் காகிதத்தை வைத்துத்தான். மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊர் திரும்பும் ஆள், தன்னைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் ஏற்கெனவே பேரேட்டில் இருக்கும்.

இன்னொரு பக்கம், காரைக்குடியிலேயே சிக்ரி இருக்கிறது. 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அங்கே ஓர் ஆய்வில் பங்கெடுத்தால் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே பெயர் அச்சாகிவிடும். எங்கள் எக்செல் ஷீட்டுக்குக் கீழே யார் பெயரும் அச்சாகாது. அந்த இடத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் செய்வது இவ்வளவுதான். மாதத்தின் கடைசி வேலை நாளில் ஒரே ஒரு பக்கம். என்ன மாறியது, முன்னால் எவ்வளவு, இப்போது எவ்வளவு. யார் கைகொடுத்தார்கள், பெயரோடு. எது முடியாமல் கிடக்கிறது. அது முடிய எனக்கு என்ன வேண்டும். ‘கடுமையாக உழைத்து’ மாதிரி சொற்கள் கிடையாது. நாற்பது நிமிடம் ஆகிறது. முதலில் மேனேஜருக்குத்தான் போகும், ஒருநாளும் அவரைத் தாண்டி அனுப்பியதில்லை. “இதை மேல அனுப்பலாமாண்ணே?” என்று கேட்பேன். முதல் ஐந்து மாதம் பதிலே இல்லை. விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன். ஆறாம் மாதம் மேனேஜர் தன் கைப்பட ஒரு வரி சேர்த்து முதலாளிக்கு அனுப்பியிருந்தார்: ‘இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது இவர்தான்.’ அதாவது, நான் எழுதிய கணக்குக்கு அவர் வாய் கிடைத்தது. ‘நாம’ என்று சொன்ன அதே வாய்.

சகாக்கள் யாரும் அந்தத் தாளைப் பார்ப்பதில்லை, அதனால் டீக்கடையில் எனக்குத் தொந்தரவு இல்லை. தங்கள் பெயர் அதில் வருகிறது என்று தெரிந்த இரண்டு பேர், இப்போது தாங்களாகவே வந்து விவரம் தருகிறார்கள்.

எல்லோருக்கும் இதுவே சரி என்று சொல்ல மாட்டேன். விற்பனைப் பிரிவில் இருப்பவருக்குத் தாளே வேண்டாம், அவருடைய எண் சுவரிலேயே தொங்குகிறது. சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவருக்கு மீட்டிங்தான் நல்லது, முகமும் குரலும் முதலில் பதியட்டும். மேனேஜர் தெரிந்தே அடுத்தவர் உழைப்பை விழுங்குகிறவர் என்றால், தாளோடு கிளைக்காரர்களுக்கு ஒரு நகலும் போகட்டும். கிளையில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்குக் காகிதத்தைத் தவிர வேறு வழியே இல்லை, செட்டியார் கடைகள் இருந்த ரங்கூன் மொகல் தெருவில் உட்கார்ந்திருந்தவரைப் போல.

போன அப்ரைசலுக்கு முதலாளி அறைக்குள் போனேன். மேசையில் என் தாள்கள், பன்னிரண்டும், ஒரு பழைய சிவப்புக் கோப்பில் வரிசையாக. மனசுக்குள் ஒரு குதி குதித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாளை எடுத்தார். ஷீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, மூன்று நாளைப் பற்றியும் கேட்கவில்லை.

“பங்குனியில எழுதியிருந்தீங்களே, அறந்தாங்கியில பழைய பாக்கி ஒண்ணு நிக்குதுன்னு. அது என்னாச்சு?”

அது இன்னும் நிற்கிறது. இந்த மாதத் தாளில் முதல் வரி அதுதான்.