கீழக்கரையில் இருந்து குல்மார்க்: ஸ்கீ வாடகைக் கடைக்கும் மரவீட்டுக்கும் மதிப்பெண்

முதலிலேயே மதிப்பெண்ணைப் போட்டுவிடுகிறேன், முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். பனியில் சறுக்கச் சொல்லிக்கொடுத்தவருக்கு ஐந்துக்கு ஐந்து. ஸ்கீ, அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகை, வாடகைக்குக் கொடுத்த இரண்டாவது கடைக்கு நாலரை. முதல் கடைக்கு ஒன்று. தங்கிய மரவீட்டுக்கு இரண்டு, அந்த இரண்டும் அங்கே சமைத்துப்போட்ட பெரியவருக்குத்தான், வீட்டுக்கு இல்லை.

காஷ்மீரில் இருக்கும் குல்மார்க்குக்குப் போனது ஆறு பேர். நான், என் மச்சான், துபாயில் அவரோடு அறையில் இருக்கும் பெரியபட்டினத்துக்காரர், பாம்பனில் படகு வைத்திருக்கும் என் நண்பர், அப்புறம் ராமநாதபுரத்தில் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேர். இதில் நாலு பேர் அதுவரை பார்த்த ஒரே பனி மீன் பெட்டியில் கொட்டும் ஐஸ்தான். மச்சானும் அவருடைய அறைத்தோழரும் மட்டும் ஸ்கீ துபாய்க்குப் போனவர்கள். அது மால் ஆஃப் தி எமிரேட்ஸுக்கு உள்ளேயே இருக்கும் பனிச்சறுக்கு அரங்கம், 2005இல் திறந்தது, வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே மைனஸ் ஒன்று இரண்டு டிகிரியில் வைத்திருப்பார்கள். அங்கே இருப்பதிலேயே நீளமான சரிவு 400 மீட்டர். அதில் பத்துப் பன்னிரண்டு தடவை இறங்கியதை வைத்து மச்சான் எங்களுக்கெல்லாம் வாத்தியார் ஆகிவிட்டார். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தேதி குறிப்பதுதான் பெரிய தலைவலி. பாம்பன் நண்பருக்கு நிம்மதியான ஓய்வு என்றால் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆனால் அந்த நேரத்தில் போனால் பழகுகிறவர்கள் சறுக்கும் கீழ்ச் சரிவில் புல்தான் இருக்கும். ஜனவரி என்றால் நிச்சயம் பனி இருக்கும் என்று நினைப்போம், அதுவும் இல்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் காய்ந்துபோய்க் கிடந்த படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன, 2025இல் பனி பற்றாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பிப்ரவரியில் இருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள். அதனால் நாங்கள் பிப்ரவரி முதல் வாரம் என்று வைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டே டிக்கெட் போட்டோம். திரும்பும்போது ஸ்ரீநகரில் ஒரு நாள் சும்மா இருக்கும்படி வைத்தது நல்லதாய்ப் போயிற்று, பனி கொட்டினால் விமானம் நின்றுவிடும், அடுத்த விமானத்தையும் தவறவிட்டால் மொத்தக் கணக்கும் போச்சு.

செலவு ஆளுக்கு 49,000 சொச்சம் வந்தது. அதில் பாதிக்குக் கிட்ட விமானத்துக்கே போயிற்று. மிச்சத்தில் எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக்கூடாது என்பதைத்தான் நாங்கள் தலைகீழாகச் செய்தோம். கிளம்பும் முன் எல்லோரும் ஜாக்கெட் ஜாக்கெட் என்று அலைந்தோம், இரண்டு பேர் பளபளவென்று புதுசே வாங்கினார்கள். உண்மையில் சறுக்கும்போது உடம்பு நன்றாகவே சூடாகிவிடுகிறது, உள்ளே தெர்மல், நடுவில் ஒரு ஃபிளீஸ், மேலே நனையாத எதுவானாலும் போதும். அந்த மேல் சட்டையை குல்மார்க்குக்குக் கீழே இருக்கும் டங்மார்க்கில் நாள் வாடகைக்கே தருகிறார்கள், பழசு, கொஞ்சம் வாடை அடிக்கும், அவ்வளவுதான். பருத்தி பனியன் மட்டும் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயவே காயாது, சரிவில் மேலே ஏற்றும் லிஃப்ட்டில் நிற்கும்போது முதுகில் ஐஸ் வைத்த மாதிரி இருக்கும். கையுறை வாடகைக்கு வாங்காதீர்கள், சொந்தமாக நனையாத ரகத்தில் வாங்குங்கள். நான் ஸ்ரீநகரில் ஆசைப்பட்டு கம்பளிக் கையுறை வாங்கினேன், அழகாகத்தான் இருந்தது, முதல் இரண்டு விழுகையில் பிழிந்து காயப்போடும் நிலைக்கு வந்துவிட்டது. கண்ணாடியும் முக்கியம். வாலிநோக்கம் உப்பளத்தில் நண்பகலில் நின்றிருக்கிறீர்களா? அந்தக் கூச்சத்தை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். மூக்குக்கும் தாடைக்கு அடியிலும் சன்ஸ்கிரீன் பூச வேண்டும், வெயில் கீழே இருந்தும் அடிக்கிறது. நாங்கள் கறுப்பு, நமக்கு எதற்கு என்று சிரித்த பெரியபட்டினத்துக்காரருக்கு மூன்றாம் நாள் மூக்குத் தோல் உரிந்தது.

இப்போது வாடகைக் கடை. முதல் நாள் காலை, அவசரத்தில், வழியில் கூப்பிட்ட முதல் கடைக்குள் நுழைந்தோம். ஸ்கீ, பூட், கம்பு மூன்றும் சேர்த்து நாளைக்கு 600 என்றார், பேரம் பேசி 500 ஆக்கிப் பெருமைப்பட்டுக்கொண்டோம். அங்கே இருந்தவர் எங்கள் செருப்பு நம்பரைக் கேட்டார், பூட்டைத் தூக்கிப்போட்டார், முடிந்தது. கால் இறுக்குகிறது என்று சொன்னவருக்கு ஒரு அளவு பெரிசு கொடுத்தார், குளிர்கிறது என்றவரிடம் இரண்டு சாக்ஸ் போடுங்கள் என்றார். இரண்டுமே தப்பு என்று மறுநாள்தான் தெரிந்தது. ஸ்கீ பூட் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும், நேராக நின்றால் கட்டைவிரல் நுனி தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், உள்ளே ஒரே ஒரு மெல்லிய நீள சாக்ஸ். இரண்டு சாக்ஸ் போட்டால் மடிப்பு விழுந்து ரத்த ஓட்டம் தடைப்பட்டு இன்னும் அதிகமாகக் குளிரும்.

அதை விடப் பெரிய விஷயம், பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங். நாம் விழும்போது அது தானாக விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஆள் உயரத்துக்குக் கிட்ட நீளமுள்ள பலகை நம் முழங்காலை முறுக்கும். எவ்வளவு அழுத்தம் வந்தால் விட வேண்டும் என்பதை ஆளின் எடை, உயரம், பூட் அடியின் நீளம், எவ்வளவு பழகியவர் என்பதைப் பார்த்துத் திருகில் வைப்பார்கள். முதல் கடையில் யாரும் எங்கள் எடையைக் கேட்கவில்லை. 58 கிலோ இருக்கும் என் அலுவலக நண்பருக்கு யாரோ தடியான ஆளுக்கு வைத்த திருகே இருந்திருக்கிறது. மெதுவாகத்தான் விழுந்தார், ஸ்கீ கழலவே இல்லை, முழங்கால் வீங்கி மீதி நாளெல்லாம் மரவீட்டில் அடுப்பு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது இதைச் சொன்னால், விழுந்தால் அடிபடத்தான் செய்யும் என்று பதில்.

இரண்டாவது கடைக்கு எங்களைக் கூட்டிப்போனது சொல்லிக்கொடுத்தவர். நாளைக்கு 800, பேரம் கிடையாது. ஆனால் அந்தக் கடைக்காரர் செருப்பு நம்பரைக் கேட்கவே இல்லை, பாதத்தைப் பலகையில் வைத்து சென்டிமீட்டரில் அளந்தார், எடை கேட்டார், இதுவரை எத்தனை நாள் சறுக்கியிருக்கிறோம் என்று கேட்டார், மச்சான் ‘நிறைய’ என்றதும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ‘முதல் நாள்’ என்றே எழுதிக்கொண்டார். ஸ்கீயை நிமிர்த்தி வைத்துத் தாடைக்கு மேல் போகாததாகப் பார்த்துக் கொடுத்தார். ஹெல்மெட் கேட்காமலே வந்தது. அரை மதிப்பெண் குறைத்தது ஹெல்மெட்டின் உள்துணி ஈரமாக இருந்ததற்காக. கூடுதல் 300 ரூபாய் என்பது முழங்காலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, கடையில் எடை கேட்கவில்லையென்றால் அப்படியே வெளியே வந்துவிடுங்கள்.

சொல்லிக்கொடுத்தவர் நாளைக்கு 2,000 வாங்கினார், மூன்று பேருக்கு ஒருவர். கோல்ஃப் மைதானத்துப் பக்கம் இருக்கும் சின்னச் சரிவில்தான் முதல் இரண்டு நாளும் வைத்திருந்தார். ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்தால் வேகம் குறையும், அதற்கு அவர் ‘பீட்சா, பீட்சா’ என்று கத்துவார். பாம்பன் நண்பர் எல்லோருக்கும் முந்திப் பிடித்துக்கொண்டார். முழங்காலைத் தளர்த்தி, இடுப்பை அடியில் வைத்து நிற்பது அவருக்கு வள்ளத்தில் நின்ற பழக்கம். ஒன்றே ஒன்றுதான் அவருக்குச் சிக்கல். வள்ளத்தின் முன்பக்கமான அணியம் தூக்கும்போது பின்னால் சாய்ந்து பழகியவர், இங்கே சரிவைப் பார்த்ததும் பின்னால் சாய்ந்தார், சாய்ந்தால் ஸ்கீ நம்மை விட்டுவிட்டு ஓடும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் முன்பக்க எலும்பு பூட்டின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் புரிந்துகொள்ள ஒரு நாள் ஆயிற்று. எனக்கு மூன்று நாள்.

மச்சான் வகுப்புக்கு வரவில்லை. முதல் நாளே கொண்டோலா என்கிற கேபிள் காரில் ஏறி முதல் கட்டமான கொங்டூரிக்குப் போனார், அது மூவாயிரம் மீட்டருக்கு மேல். குல்மார்க்கே சுமார் 2,650 மீட்டர், நம் கொடைக்கானலை விட ஐந்நூறு மீட்டர் கூடுதல், அதிலேயே தலை கிறுகிறுக்கும். ஸ்கீ துபாயில் பனி ஒரே மாதிரி சீராக இருக்கும், இங்கே ஒரு இடம் மாவு, அடுத்த இடம் கண்ணாடி, நடுவில் ஊசியிலை மரம். உட்கார்ந்தபடியேதான் பெரும்பாலும் இறங்கி வந்தார், மறுநாள் காலை பேசாமல் எங்களோடு பீட்சா வரிசையில் நின்றார். இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையின் தோள்வரை, ஏறத்தாழ 3,950 மீட்டர், 2005 முதல் ஓடுகிறது. காற்று அடித்தாலோ பனிச்சரிவு பயம் இருந்தாலோ நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு ஒரே ஒரு நாள் கிடைத்தது, சும்மா பார்க்கத்தான் ஏறினோம். எங்கள் கடலோரத்துக் கச்சான் காற்றையே தாங்கிய ஆள் நான், அங்கே பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், அங்கே போய் வாங்கலாம் என்றால் கிடைக்காது.

மரவீடு. படத்தில் சென்ட்ரல் ஹீட்டிங் என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் கூடத்தில் ஒரே ஒரு புகாரி, அதாவது விறகு போடும் தகர அடுப்பு, விறகுக்குத் தனிக் கணக்கு. மூன்று படுக்கையறைக்கும் கரண்ட் போர்வை, கரண்ட் போனால் அதுவும் வெறும் போர்வை. காலையில் குழாய் உறைந்து கிடக்கும், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளூ செய்ய புகாரி மேல் வைத்த கெட்டில்தான். நாள் 9,000 என்பது ஆறு பேருக்குப் பிரித்தால் பெரிசில்லை, ஆனால் பொய் சொல்லி வாங்கியது உறுத்துகிறது. இரண்டாம் இரவில் இருந்து ஆறு பேரும் கூடத்திலேயே வரிசையாகப் படுத்தோம். அதில் பெரியபட்டினத்துக்காரரின் குறட்டைக்கு நடுவே விறகு வெடிக்கும் சத்தமே கேட்காது. யார் நடு ராத்திரியில் எழுந்து விறகு போடுவது என்பதில் வந்த சண்டை, பொதுக் கணக்குப் பணத்தில் வந்த சண்டையை விடப் பெரிசு. யாரை அழைத்துப்போவது என்று யோசிக்கிறவர்கள், நன்றாகச் சறுக்குகிறவரைத் தேடாதீர்கள், ராத்திரி மூன்று மணிக்கு முணுமுணுக்காமல் எழுந்து விறகு போடுகிறவரைத் தேடுங்கள். எங்களுக்கு அது முழங்கால் வீங்கிய நண்பர். காலை இழுத்துக்கொண்டே போய்ப் போட்டார் மனிதர்.

சாப்பாட்டில் குறை இல்லை. காஷ்மீரிகளும் நம்மைப் போல சோறு கேட்கிற ஜனம். பாம்பன் நண்பர் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்திருந்தார், மூன்றாம் நாள் அதை வறுக்க, ஜன்னல் திறக்க முடியாத வீட்டில் வாசம் நிறைந்துவிட, மச்சான் தன் புது ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். சமைக்கும் பெரியவர் திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டிருந்தோம். அவர் மோந்து பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் அவர்கள் வீட்டிலும் ஹொக் காட் என்று காய்ந்த மீன் சமைப்பார்கள் என்று சொல்லி, தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மறுநாள் அவர் கையால் அதையே தக்காளி போட்டுச் சமைத்தும் கொடுத்தார். உப்புப் போட்ட நூன் சாய் மட்டும் எனக்குக் கடைசிவரை இறங்கவில்லை. உம்மா கட்டிக்கொடுத்த தொதல் என்கிற இனிப்பு குளிரில் கல்லாகிவிட்டது, புகாரி பக்கத்தில் பத்து நிமிஷம் வைத்தால்தான் வெட்ட வரும்.

இன்னும் இரண்டு விஷயம், மறந்தால் கஷ்டப்படுவீர்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, ஆறு பேரில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். டங்மார்க்குக்கு மேல் கனமான பனி விழுந்த நாளில் டயரில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும், அதற்கு மறுபடி வாடகை. நிதானமாகக் கற்றுக்கொள்ள நினைக்கிறவர்களுக்கு சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு நிறுவனமும் குல்மார்க்கிலேயே பயிற்சி நடத்துகிறது, அடுத்த முறை நான் அதில்தான் சேரப்போகிறேன்.

மச்சான் வாங்கிய ஜாக்கெட்டும் இன்னொன்றும் இப்போது கீழக்கரையில் எங்கள் வீட்டு பீரோவில் தொங்குகின்றன. இங்கே அதைப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் மயக்கம் வரும். பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது வரும் பிப்ரவரியில் போவதாக இருந்தால் எடுத்துப்போங்கள், வாடகை வேண்டாம், துவைத்துக் கொடுத்தால் போதும். கருவாட்டு வாசம் இன்னும் முழுசாகப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.