தர்மபுரி ஃபிரேம் கடை: தேக்குச் சட்டம் அருமை, எழுத்தை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள்

சாமி படம், கல்யாண போட்டோ, இறந்தவர் படம். நம் ஊரில் ஃபிரேம் கடைக்குப் போவது இந்த மூன்றுக்குத்தான். நான் கொண்டுபோனது மூன்றிலும் சேராது. 1988-இல் இலங்கை பலாலி விமான தளத்தில், சக்திமான் லாரியில் சாய்ந்தபடி நான் நிற்கும் போட்டோ. ட்ரங்குப் பெட்டியின் அடியில் முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்ததில் ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. பேத்தி அதைக் கிளறி எடுத்து "யாரு தாத்தா இது?" என்றாள். சரி, மாட்டிவிடலாம் என்று கிளம்பினேன்.

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. வண்டி நிறுத்த இடமில்லை. ஸ்கேன் செய்து, அரித்த மூலையைச் சரிசெய்து, 12க்கு 18 அங்குலமாகப் பெரிதாக்கித் தந்தார்கள். வழக்கமாகக் கம்ப்யூட்டரில் எல்லோரையும் சிவப்பாக்கிவிடுவார்கள். இவர்கள் என் கறுப்பில் கை வைக்கவில்லை. ஃபைபர் சட்டம் 650 ரூபாய், தேக்கு 1,100. தேக்கு சொன்னேன். மூலை இணைப்பில் நகம்கூட நுழையவில்லை.

கவுண்ட்டரில் இருந்த பையன் படத்தைப் பார்த்துவிட்டு "கார்கிலா சார்?" என்றான். "இல்லப்பா, சிலோன்" என்றேன். "அங்க எதுக்கு சார் நம்ம ஆர்மி?"

அவனுக்கு எங்கிருந்து தொடங்குவது? 1987 ஜூலையில் இலங்கை அரசோடு ஒப்பந்தம் போட்டு, அமைதி காக்க என்று அனுப்பினார்கள். அக்டோபரில் புலிகளோடு சண்டை. நான் ரேஷன் லாரி டிரைவர். தமிழ் தெரியும் என்பதால் செக்போஸ்ட்டில் இறக்கி, வருகிறவர்களை விசாரிக்கச் சொல்வார்கள். "நீங்களும் தமிழ் ஆக்கள்தானே தம்பி?" என்று ஓர் அம்மா கேட்டார். அன்றைக்கு ஒரு பதிலும் வரவில்லை, இன்றைக்கும் இல்லை.

1990 மார்ச்சில் படை முழுவதும் திரும்பியது. இந்தியத் தரப்பில் ஆயிரத்துக்கும் மேல் இறந்திருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அவர் போகாதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மொரப்பூர் ஸ்டேஷனில் யூனிஃபார்மோடு இறங்கி, வெளியே டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் பேச்சு நின்றது. "எத்தனை தமிழனைச் சுட்ட?" என்றார் ஒருவர். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்க, "டீ முடிஞ்சிருச்சு" என்றார் கடைக்காரர். அவர்கள் கோபம் பொய் என்று சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்தில் நடந்ததை அவர்கள் பேப்பரில் படித்தார்கள், நான் நேரில் பார்த்தேன். ஆனாலும் நான் கேட்டது ஒரு டீ. ஸ்டேஷன் மறைவில் லுங்கிக்கு மாறிக்கொண்டு பஸ் ஏறினேன். அதன்பிறகு லீவுக்கு யூனிஃபார்மில் வந்ததில்லை.

1999 ஜூலையில் அதே கடை, அதே ட்ரங்குப் பெட்டி. பெட்டியில் வெள்ளை பெயிண்ட்டில் என் நம்பர். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் மகன் காசு வாங்க மறுத்துவிட்டான். "கார்கில்ல இருந்து வர்றவர்கிட்ட காசா?" நான் ஜபல்பூரில் டிப்போ லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். சொல்லாமல் குடித்துவிட்டு வந்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது.

பையனிடம் "அது பெரிய கதைப்பா" என்று முடித்துக்கொண்டேன்.

இனி குறைகள். நாலு நாள் என்றது ஒன்பது நாள் ஆனது. போய் வாங்கினால், படத்துக்கு அடியில் தங்க எழுத்தில் 'தோற்றம்', 'மறைவு', தேதிக்கு இடம் விட்டு! எதிரே உயிரோடு நிற்கிறேன். "மிலிட்டரி போட்டோன்னாலே அதுக்குத்தான் சார் வரும்" என்றான் பையன். முதலாளி அவனைத் திட்டிவிட்டு, காசில்லாமல் மாற்றித் தருவதாகச் சொன்னார். என்ன எழுத என்று கேட்டார்கள். 'பலாலி, 1988' போதும் என்றேன். பையன் 'பழனி, 1988' என்று அடித்துவிட்டான். என் மிலிட்டரி கிராப்பைப் பார்த்தால் மொட்டை போட்டு முடி முளைத்த மாதிரிதான் இருக்கும், யாரும் நம்பியிருப்பார்கள். நல்லவேளை, பிரிண்ட் போகும் முன் பார்த்தேன்.

பின்னால் ஒரே கொக்கிதான் வைக்கிறார்கள். தேக்குக் கனத்துக்கு இரண்டு வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.