சளிக்காய்ச்சல் பருவத்தைக் கணிக்க: கிளினிக் பதிவேடா, கழிவுநீரா?

ஒரு வட்டாரத்தில் இன்ஃப்ளூயன்சா, ஆர்எஸ்வி (குழந்தைகளையும் முதியவர்களையும் அதிகம் பாதிக்கும் ஒரு சுவாச வைரஸ்), கொரோனா எந்த வாரம் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்க்க எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. குறிப்பிட்ட சில கிளினிக்குகளில் காய்ச்சல்காரர்களை எண்ணி, சிலரிடம் மூக்குச்சளி எடுத்து பிசிஆர் (வைரஸின் மரபணுவைக் கண்டறியும் சோதனை) பார்ப்பது ஒன்று. சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் கழிவுநீரில் வைரஸின் மரபணுவைத் தேடுவது மற்றொன்று. நாங்கள் கிளினிக்கைத்தான் எடுத்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

கழிவுநீரின் பலம் தெரிந்ததுதான்: டாக்டரிடமே போகாதவரும் கணக்கில் வந்துவிடுவார். ஆனால் யாருக்கு நோய், குழந்தைக்கா முதியவருக்கா, எவ்வளவு கடுமை என்பது அதில் தெரியாது. மழை பெய்தால் மாதிரி நீர்த்துப்போகும். அதை ஈடுகட்ட, நாம் சாப்பிடும் மிளகாய் வழியாக மலத்தில் சேரும் ஒரு செடி வைரஸின் அளவோடு ஒப்பிடுகிறார்கள், நல்ல உத்தி. பாதாளச் சாக்கடை இல்லாத பகுதிகள் மட்டும் விடுபட்டுப் போகும்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது, கிளினிக்குக்கு வந்தவர்களின் மொத்த எண்ணிக்கை. 'இந்த வாரம் காய்ச்சல் 40 பேர்' என்றால் ஒன்றும் புரியாது. வந்த 200 பேரில் 40 என்றால் ஐந்தில் ஒருவர். 800 பேரில் என்றால் இருபதில் ஒருவர். அதனால் பதிவேட்டில் காய்ச்சல் கட்டத்துக்குப் பக்கத்திலேயே மொத்த நோயாளிகள் கட்டமும் வேண்டும். காய்ச்சல் கட்டத்தில் யாரை எண்ணுவது? உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 38 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத காய்ச்சல், இருமல், தொடங்கி 10 நாளுக்குள். இதை எல்லா கிளினிக்கும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். யாருமே வராத வாரத்திலும் '0' என்று எழுத வேண்டும். அறிக்கை வராததைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் வரைபடம் பொய்யாக இறங்கும். எனவே வாராவாரம் போன் போட்டுக் கேட்க ஒருவர் வேண்டும். பாதியில் கிளினிக்குகளை மாற்றினால் போன வருடத்தோடு ஒப்பிடவே முடியாது. பருவம் தொடங்கிவிட்டது என்று சொல்ல வேண்டிய எல்லைக்கோடே பழைய பருவங்களிலிருந்துதான் வருகிறது. இந்தப் பராமரிப்புக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.

அப்புறம், மூக்குச்சளி மாதிரியிலிருந்து வைரஸை வளர்த்து எந்த வகை என்று பார்க்கலாம். 1952-இல் தொடங்கிய உலக இன்ஃப்ளூயன்சா வலையமைப்பு தடுப்பூசிக்கான வகைகளைப் பரிந்துரைப்பதும் இத்தகைய மாதிரிகளை வைத்துத்தான்.

எங்கள் கையில் இருப்பது சில பருவங்களின் கணக்கு மட்டுமே. பரிசோதனைக்கு ஆள் வராத மாதங்களில் கழிவுநீர் முந்திக்கொள்ளலாம். பணம் மிஞ்சினால் பெரிய சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் அதையும் சேர்க்கலாம்; கிளினிக் எண்ணிக்கையைக் குறைத்து மட்டும் வேண்டாம்.