விந்துப் பாதை அடைப்பு நீக்க ஆபரேஷன்: என் அனுபவம்

தண்டையார்பேட்டையில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன வாரம் தன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினான். விந்தணு பூஜ்யம். எனக்கும் ஒருகாலத்தில் அதே ரிப்போர்ட்தான். "அண்ணா, நீங்க முதல்ல போன கருத்தரிப்பு சென்டருக்கே நானும் போகட்டுமா?" என்றான். போகாதே என்றேன். ஏன் என்பதை விவரமாகச் சொல்ல டீ நேரம் போதவில்லை.

அந்த சென்டரின் லேப் அருமை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு சாம்பிளை வைத்து முடிவு சொல்லவில்லை. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் படிந்ததையும் தேடினார்கள். சில வாரம் கழித்து மறுபடி சாம்பிள் வாங்கினார்கள். கவுன்ட்டரில் பெயரைச் சொல்லிக் கூவவில்லை.

ஆனால் அங்கே ஒரு டாக்டர்கூட என்னைப் படுக்கவைத்துக் கை வைத்துப் பார்க்கவில்லை! ரிப்போர்ட்டைப் புரட்டினார்கள், மனைவியின் வயதைக் கேட்டார்கள், இக்ஸி (ஒரு விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்திக் கருவாக்கும் லேப் முறை) பேக்கேஜ் தாளை நீட்டினார்கள். அவ்வளவுதான். இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை.

பிறகு பெரம்பூரில் பார்த்த யூராலஜிஸ்ட் முதலில் கேட்டதே வேறு. டி.பி. வந்ததா, சின்ன வயதில் குடலிறக்க ஆபரேஷன் நடந்ததா, விதையில் வீக்கமோ வலியோ இருந்ததா என்று கேட்டார். அப்புறம் கிளவுஸ் போட்டுப் பரிசோதித்தார். முட்டை வடிவ மணிகள் கோத்த ஒரு மாலையோடு ஒப்பிட்டு, விதை 20 மில்லி, நல்ல அளவு என்றார். விந்துக் குழாய் இரண்டு பக்கமும் விரலில் தட்டுப்பட்டது. சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் குழாய் இருக்காதாம். அப்படியென்றால் இக்ஸிக்கு முன்னால் கணவன், மனைவி இருவருக்கும் சி.எஃப்.டி.ஆர். ஜீன் டெஸ்ட் பார்க்க வேண்டும்; அந்த ஜீன் கோளாறு இருவரிடமும் இருந்தால் குழந்தைக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் வரலாம். கை வைக்காமல் அதை எப்படிச் சந்தேகப்படுவது? எனக்கு விதையை ஒட்டியிருக்கும், விந்தணு முதிரும் சுருள் குழாயான எபிடிடிமிஸ்தான் புடைத்திருந்தது.

அதன் பிறகுதான் பழைய ரிப்போர்ட்டை எடுத்தார். விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். நார்மல், விந்து திரவத்தின் அளவு குறையவில்லை, அதில் இருக்க வேண்டிய ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரையும் இருக்கிறது. விந்து திரவத்தின் பெரும்பகுதி விதையிலிருந்து வருவதில்லை. மேலே இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருகிறது. அடைப்பு அந்தத் திரவம் வெளியேறும் கடைசி வாசலில் இருந்தால் அளவு 1 மில்லிக்கும் கீழே போகலாம், ஃப்ரக்டோஸும் இருக்காது. எனக்கு எல்லாம் சரியாக இருந்ததால் அடைப்பு கீழே, எபிடிடிமிஸில். உற்பத்தி நடக்கிறது, வழிதான் இல்லை என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் அழுதுவிட்டேன்.

ஆபரேஷனில் மைக்ரோஸ்கோப் வைத்து, முடியைவிட மெல்லிய நூலால் விந்துக் குழாயை எபிடிடிமிஸ் நுண்குழாயோடு சேர்த்துத் தைத்தார்கள். அப்போதே கிடைத்த விந்தணுவை உறையவைத்தார்கள். பலன் தெரிய 3 மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம் என்றார்கள். முதல் டெஸ்டில் ஒன்றுமில்லை. அடுத்த டெஸ்டும் அப்படியே. மழைக்காலம் முடிந்த பிறகு எடுத்ததில் வந்தது, அதுவும் அசைவோடு. தைத்த இடம் மறுபடி அடைத்துக்கொள்ளலாம் என்பதால் வந்ததிலிருந்தும் கொஞ்சம் உறையவைத்தோம்.

குழந்தை இன்னும் இல்லை. ஒருவேளை நாங்களும் கடைசியில் இக்ஸிக்கே போவோம். மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் நேராக இக்ஸி என்பதே சரியான யோசனையாக இருக்கலாம், அதையும் டாக்டர் மறைக்கவில்லை. ஆக, அந்த சென்டர் காட்டிய வழி தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. லேபுக்கு முழு மார்க். ஆனாலும் என் தம்பியை அங்கே அனுப்ப மாட்டேன். ரிப்போர்ட்டோடு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி யூராலஜி ஓ.பி.க்குப் போகச் சொல்லியிருக்கிறேன். வரிசை நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, நானும் கூட நிற்கிறேன்.