விலைக்கழிவைத் துரத்தி வாங்கிய சாமான்கள்: ஹட்டனிலிருந்து ஒரு கணக்கு

"அக்கா, நீங்க கார்டு, பொயிண்ட், சனி ஞாயிறு டிஸ்கவுண்ட் எல்லாம் பார்த்துப் பார்த்துத்தானே சாமான் வாங்குறீங்க. உண்மையிலேயே மிச்சம் வருதா?" என்று என்னோடு படிப்பிக்கும் தங்கச்சி ஒருத்தி கேட்டாள். அமெரிக்காவில் கூப்பன் வெட்டி வண்டி நிறையச் சாமானைக் கிட்டத்தட்டச் சும்மாவே தள்ளிக்கொண்டு போகும் வீடியோக்களை அவள் பார்த்திருக்கிறாள். கடனட்டைக்கு விண்ணப்பம் போடலாமா என்ற யோசனையில் இருக்கிறாள். வாயால் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

முதலில் அந்த வீடியோக்களை ஒதுக்கி வைப்போம். அங்கே உற்பத்தி செய்கிற கம்பனி ஒரு கூப்பன் கொடுக்கும், கடையும் தன் பங்குக்கு ஒன்று கொடுக்கும், இரண்டையும் ஒரே சாமானுக்குப் போட முடியும். சில கடைகள் கூப்பனின் பெறுமதியை இரட்டிப்பாக்கியும் கொடுத்தன. அதனால்தான் பில் அப்படி இறங்குகிறது. இலங்கையில் நமக்கு அந்த வசதி கிடையாது. இங்கே இருப்பது சூப்பர்மார்க்கெட்டின் பொயிண்ட் அட்டை, வங்கிக் கடனட்டைக்கு வார இறுதியில் கிடைக்கும் கழிவு, இரண்டு எடுத்தால் விலை குறையும் சாமான்கள், அவ்வளவுதான். இவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வாங்குவதைத்தான் சில வருஷமாக நான் செய்து வருகிறேன்.

தொடங்கியது பால்மாவில். 2021 செப்டெம்பரில் 400 கிராம் பக்கெட் 380 ரூபா. ஒக்டோபரில் 480 ஆனது. வருஷம் முடியும்போது 540. 2022 மார்ச்சில் 790. தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று அரசாங்க வர்த்தமானியில் போட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்தால் ஒரு பக்கெட் பால்மாவும் மிச்சத்துக்கு ஒரு பாணும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது, அதாவது ஒரு வருஷத்தில் சாப்பாட்டுச் சாமான் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த நேரத்தில் கணக்குப் பார்க்காமல் யாரும் கடைக்குள் கால் வைக்கவில்லை. நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி விலை எழுதத் தொடங்கினேன்.

அந்தக் கொப்பியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பக்கத்துக்கு ஒரு சாமான். திகதி, கடை, பக்கெட்டின் நிறை, விலை, கடைசியில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் போட்ட தொகை. அந்தக் கடைசி நிரல் கண்ணைத் திறந்துவிடும். பெரிய பக்கெட் லாபம் என்று நாமெல்லாம் நம்புகிறோம் அல்லவா? 2022 மார்ச்சில் ஒரு கிலோ பால்மா 1945 ரூபா. 400 கிராம் கணக்கில் அதே ஒரு கிலோவை வாங்கினால் 1975. முப்பது ரூபா மிச்சத்துக்காக 1945 ரூபாவை ஒரே தடவையில் எடுத்து வைக்க வேண்டும். அதற்கு முந்திய செப்டெம்பரில் வித்தியாசம் வெறும் ஐந்து ரூபா! கையில் காசு குறைவாக இருக்கிறவர் சின்னப் பக்கெட் வாங்குவதால் பெரிதாக எதையும் இழக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியாக விளங்கியது. சவர்க்காரத்தூள், தேயிலை, சொயாமீட் எல்லாவற்றுக்கும் இப்படி எழுதி வைத்திருக்கிறேன். சிலதில் பெரிய பக்கெட்தான் லாபம், சிலதில் சின்னது. ராக்கையில் சிவப்பு எழுத்தில் எதைத் தொங்கவிட்டாலும் இப்போது என்னை ஏமாற்ற முடியாது. இந்தச் சந்தோஷத்துக்கு ஒரு சதமும் செலவில்லை, எந்த அட்டையும் தேவையில்லை.

அட்டைகளும் காசு மிச்சம் பிடித்துத் தந்தன, இல்லையென்று சொன்னால் பொய். சவர்க்காரம், பற்பசை, டின்மீன், பருப்பு இவற்றில் நல்ல மாதங்களில் பில்லில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. பொயிண்ட்களைச் சேர்த்து வைத்துத் தீபாவளிச் சாமானில் கழித்திருக்கிறேன். அம்மாவுக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் ஒரு எரிச்சல் இத்தனை வருஷத்தில் மாறவே இல்லை. ராக்கையில் ஒட்டியிருக்கும் விலை ஒன்று, பில்லில் விழுகிற விலை வேறொன்று. 20 வீதம் கழிவு என்று துண்டு தொங்கும். எடுத்துக்கொண்டு போனால் கவுண்டரில் முழு விலை அடிக்கும். கேட்டால், "டீச்சர், அது நேத்தோட முடிஞ்சுது, துண்டு கழட்டல்ல" என்று கேஷியர் பிள்ளை சொல்லும். இன்னொரு நாள் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பில் வந்தால் மட்டும்தானாம். வேறொரு நாள் அந்த வங்கியின் அந்த நிற அட்டைக்கு மட்டும்தானாம். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஆட்கள் முனகுவார்கள். சூப்பர்வைசர் சாவியோடு வந்து பில்லை ரத்துச் செய்து திரும்ப அடிக்க வேண்டும். அந்தப் பிள்ளையும் டிக்கோயாப் பக்கத்து லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) விடிய முதல் பஸ் பிடித்து வருகிறது. துண்டைக் கழற்றுவது அதன் வேலை கூட இல்லை. இருந்தாலும் என் கோபத்தை வாங்கிக்கொள்ள வேண்டியது அதுதான். வியாபாரம் முழுக்கக் கணினியில் நடக்கிறது, ஒரு காகிதத் துண்டை நேரத்துக்கு மாற்ற ஆளில்லையா? இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. பக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேலே விற்றால் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்துச் சொல்லலாம். துண்டிலிருந்த விலைக்கு என்ன அத்தாட்சி? அதனால் இப்போதெல்லாம் துண்டை போனில் படம் எடுத்துக்கொண்டுதான் சாமானைக் கூடையில் போடுகிறேன். வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்கப் போகிறவள் செய்கிற வேலையா இது?

மொத்தமாக வாங்கி அடுக்கி வைக்கும் கதை நம் மலைக்குச் சரிவராது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் படுக்க இடம் பார்ப்பதா, ராக்கை அடிப்பதா? எங்கள் வீட்டில் ஓர் அறை கூடுதலாக இருக்கிறது, அங்கும் மழை விடாது. மே மாதம் தென்மேல் பருவம் பிடித்தால் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் துணியே காயாது. சவர்க்காரத்தூள் கட்டியாகும், உப்பு தண்ணீர் விடும், பப்படத்தில் பூஞ்சணம், கோதுமை மாவில் வண்டு. பிளாஸ்டிக் வாளி வாங்கி மூடி வைக்கலாம். அந்த வாளியின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வார இறுதிக் கழிவில் பெரிதாக அறிவிப்பது மரக்கறிக்குத்தான். நுவரெலியா கரட்டும் லீக்ஸும் விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு, குளிரூட்டிய ராக்கையிலிருந்து 20 வீதக் கழிவில் கரட் எடுப்பதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. ரோட்டோரத்தில் சாக்கு விரித்திருக்கும் அக்காவிடம் போஞ்சியும் கோவாவும் கழிவுக்குப் பிறகான விலையை விடப் பெரும்பாலும் குறைவு. கொசுறாகக் கொத்தமல்லியும் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதுதான் என்னை உறுத்துவது. கடனட்டை இருக்கிற எனக்குக் கழிவு. பத்தாம் திகதிச் சம்பளத்தை நம்பியிருக்கும் எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு முழு விலை. வங்கி அவர்களுக்கு அட்டை கொடுக்காது. அவர்களுக்கு உண்மையில் கைகொடுப்பது தோட்டத்துக் கடைக்காரரின் கடன் கொப்பி. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் இருபத்தைந்தாம் திகதி வீட்டில் மா இல்லையென்றால் அங்கே போய் எடுக்கலாம், பத்தாம் திகதி கட்டலாம். எந்தப் பொயிண்ட் அட்டையும் அந்த உதவியைச் செய்ததில்லை.

சரி, தங்கச்சிக்கு என் பதில். மிச்சம் வருகிறதா என்றால் வருகிறது. செய்யலாமா என்றால் வேண்டாம். சனிக்கிழமை பாதி நாள், பஸ் காசு, சாமான் பாரத்துக்கு ஆட்டோ, கவுண்டரில் நின்று வாதாடுவது, பில் தொகையை எட்டவைக்கத் தேவையில்லாமல் எடுக்கிற பிஸ்கட், எல்லாம் போக நிற்கிறது கொஞ்சம்தான். கடனட்டைக்கு விண்ணப்பம் போடாதே, ஒரு மாதம் கட்டத் தவறினாலே வட்டியில் அந்த மிச்சம் கரைந்துவிடும். பொயிண்ட் அட்டையை எடுத்துக்கொள், அது சும்மா கிடைக்கிறது. அரிசி, பருப்பு, சீனி வாங்குமுன் அரசாங்கக் கடையான சதொசவின் விலையை ஒருதரம் பார். மரக்கறியை ரோட்டோரத்தில் வாங்கு. கொப்பியைத் திங்கட்கிழமை கொண்டுவருகிறேன், பால்மா, சவர்க்காரத்தூள் பக்கங்களை முதலில் பார்த்து எழுதிக்கொள்.