இன்க்பேர்ட் ஐடிசி-308: குளிர்காலப் பசுமைக்குடிலுக்கு வாங்கலாமா?

பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்களில் அதிகம் காணக் கிடைப்பது ஆறடிக்கு எட்டடிக் கண்ணாடிக் குடில்தான். குளிர்காலம் நெருங்கினால் அதற்கு எத்தனை கிலோவாட் ஹீட்டர் வாங்கலாம் என்றே எல்லாரும் கேட்பார்கள். வெப்பத்தைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் கரண்ட் பில்லைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் அதுதான். இன்க்பேர்ட் ஐடிசி-308 (ITC-308) அப்படித் தனியாக விற்கும் ஒரு தெர்மோஸ்டாட்.

குடிலுக்கென்று விற்கும் விசிறி ஹீட்டர்களில் உள்ளேயே ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். பல மாடல்களில் அதன் திருகில் டிகிரி எண்ணே இருக்காது; ஒரு பனிப்பூ படமும் ஒன்று முதல் ஆறு வரை கோடுகளும்தான். அது தரையில், ஹீட்டர் தானே ஊதும் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அளக்கிறது. அலமாரியில் இருக்கும் நாற்றுக்கு 2 டிகிரி, தரையில் 8 டிகிரி என்று ஆவது இதனால்தான். பயந்துபோய்த் திருகை இரண்டு கோடு கூட்டி வைப்போம். மாசக் கடைசியில் பில் வரும்.

ஐடிசி-308 இந்த வேலையைத் தனியே எடுத்துக்கொள்கிறது. சுவர் பிளக்கில் இதைச் செருகி, இதில் ஹீட்டரைச் செருக வேண்டும். இரண்டு மீட்டர் கம்பியின் முனையில் சென்சார். சாக்கெட் இரண்டு: ஒன்று சூடாக்க, மற்றது குளிர்விக்க. குளிர்காலத்தில் இரண்டாவதற்கு வேலை இல்லை. வெயில் காலத்தில் ஒரு விசிறியைச் செருகலாம்.

அமைப்பது சுலபம், ஆனால் வந்தபடியே விட்டால் உதவாது. செட் பட்டனை 3 நொடி அழுத்தினால் ஒவ்வொரு குறியீடாக வரும். டிஎஸ் (TS) என்பது இலக்கு வெப்பம். கடையிலிருந்து 25 என்று வரும், அதை 5 ஆக்குங்கள். எச்டி என்பது எவ்வளவு இறங்கினால் ஹீட்டர் எரிய வேண்டும் என்ற இடைவெளி. 2 என்று இருக்கும். விசிறி ஹீட்டருக்கு 1 போதும்: 4 டிகிரியில் எரியும், 5-இல் அணையும். 0.3 என்றெல்லாம் நெருக்கினால், உள்ளே கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே ஓயாமல் கிளிக் கிளிக் என்று அடித்துக்கொண்டு சீக்கிரம் தேயும். ஏஎல் என்பது குறைந்த வெப்ப எச்சரிக்கை. அது மைனஸ் 40-இல் வருகிறது, சைபீரியாவுக்குத் தவிர வேறெங்கும் பயனில்லை. 2 என்று மாற்றுங்கள். முடிந்ததும் மறுபடி செட்டை 3 நொடி அழுத்திப் பதிய வேண்டும். கரண்ட் போய் வந்தாலும் இந்த எண்கள் அழியாது.

கடைசியாக சிஏ, அளவைத் திருத்துவது. ஒரு டம்ளரில் பொடித்த ஐஸை நிரப்பி, இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, சென்சாரை நடுவில் பத்து நிமிடம் வையுங்கள். திரையில் 0.8 என்று காட்டினால் சிஏ-வில் மைனஸ் 0.8. உறைநிலைக்கு மிக அருகில் நிறுத்திவைக்கும் குடிலில் ஒரு டிகிரி பிசகும் பெரிது.

சென்சாரைச் செடியின் உயரத்தில், கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஹீட்டரின் காற்று நேரே படாத இடத்தில் தொங்கவிடுங்கள். காற்று பட்டால் ஒரே நிமிடத்தில் அணைந்துவிடும். எதிர்மூலை உறைந்து கிடக்கும்.

இனி குறைகள். பெட்டியின் மேல் 10 ஆம்பியர், 2200 வாட் என்று போட்டிருக்கிறது. 2 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். லைன் 240-ஐத் தொட்டால் 9-ஐத் தாண்டும். கணக்குக்குச் சரி, ஆனால் இரவெல்லாம் போட்டு அணைக்கும் ரிலேவுக்கு அது தாராளமான இடைவெளி இல்லை. ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையவே அணையாது. ஆகவே 1, 2 கிலோவாட் என இரு நிலை உள்ள ஹீட்டரை 1-இல் ஓட்டுவது நல்லது. அரை மணி நேரம் ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

ஹீட்டரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை முழுக்கத் திறந்துவிடாமல் இரண்டாவது காவலாக வைத்துக்கொள்ளலாம். ஹீட்டரை நேராகச் சுவரில் செருகி, குடில் 12 டிகிரியைத் தொட்டதும் திருகை மெல்லப் பின்னால் திருப்புங்கள். அணையும் இடத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி. அதன்பின் ரிலே ஒட்டிக்கொண்டாலும் குடில் வெந்துபோகாது. புள்ளியைத் தாழ்வாக வைத்துவிட்டால் எதிர்க் கோளாறு வரும்: கருவி கரண்ட் கொடுக்கும், ஹீட்டர் எரியாது. கருவி பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இதைப் பாருங்கள். தொடுபட்டன், ரிமோட் உள்ள ஹீட்டர் இதனோடு சேராது. கரண்ட் வந்ததும் அது தூக்க நிலையில்தான் எழும். கைத்திருகு உள்ளதுதான் வேண்டும்.

பெரிய குறை ஈரம். கருவிக்கு நீர்க்காப்பு இல்லை. குளிர்காலக் குடிலில் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும், எனவே வெளிப்புறச் சாக்கெட்டுகளுக்கான மூடிய பெட்டிக்குள்தான் இது இருக்க வேண்டும். கம்பிகள் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். லைனில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிடி கட்டாயம். வீட்டிலிருந்து குடிலுக்குக் கவசக் கேபிள் போடுவது தகுதியுள்ள எலக்ட்ரீசியனின் வேலை. சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ரீலில் ஹீட்டரை ஓட்டவே கூடாது; சுருளுக்குள் சூடேறி மேலுறை உருகும்.

1 கிலோவாட் போதுமா? இந்த அளவுக் குடிலில் கண்ணாடிப் பரப்பு சுமார் 18 சதுர மீட்டர். ஒற்றைக் கண்ணாடி, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் 6 வாட் அளவு வெளியே விடும். வெளியே மைனஸ் 5, உள்ளே 5 என்றால் 1080 வாட்; இடுக்குக் காற்றையும் சேர்த்தால் 1300 வரை. வெற்றுக் கண்ணாடிக்கு 1 கிலோவாட் போதாது. வெயிலுக்கு நைந்துபோகாத தோட்டக் குமிழ் உறையை (பபிள் ராப்) உட்பக்கம் கட்டிவிட்டால் இழப்பு ஏறக்குறைய பாதியாகும், அப்போது தாராளம். அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் திருகும் பிளாஸ்டிக் கொக்கிகளால் மாட்டி, கூரைச் சாளரத்துக்குத் தனித் துண்டு வையுங்கள். பகலில் அது திறக்காவிட்டால் சாம்பல் பூசணம் வரும். பணம் ஒன்றுக்குத்தான் என்றால் முதலில் உறை, பிறகே இந்தக் கருவி.

வெற்றுக் கண்ணாடியில் ஒரு டிகிரி கூட்டினால் 12 மணி நேர இரவுக்கு 1.3 யூனிட் கூடும்; யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் இரவுக்கு 33 பென்ஸ். கறிவேப்பிலை வளர்க்கும் நம் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளியே 2 டிகிரி இருக்கும் சாதாரண இரவில் குடிலை 5-இல் நிறுத்த 3 டிகிரிக்குத்தான் செலவு. கறிவேப்பிலைக்காக 12 என்று வைத்தால் 10 டிகிரிக்கு. மூன்று மடங்குக்கு மேல்! நான்கு கட்டுக் கறிவேப்பிலையை ஈழத்தமிழர் கடையில் வாங்குவது எவ்வளவோ மலிவு. தொட்டியை வீட்டுக்குள் வெளிச்சமான ஜன்னலோரம் கொண்டுவந்துவிட்டு, குடிலில் எலுமிச்சை, ஜெரேனியம் போன்றவற்றை 5-இல் வையுங்கள்.

பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஹீட்டருக்கு இந்தக் கருவி பொருந்தாது, அதைப் போட்டு அணைக்க வழியில்லை. ஒரு லிட்டர் பாரஃபின் எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் ஆவியாகக் குடிலுக்குள்ளேயே சேரும் என்பதும் கணக்கில் இருக்கட்டும். கரண்ட் போகும் இரவுக்கு மட்டும் ஒன்று இருக்கலாம், சாளரத்தைக் கொஞ்சம் திறந்துவைத்து.

வைஃபை உள்ளதா, இல்லாததா? சாதா மாடலின் எச்சரிக்கை ஒலி வீட்டுக்குள் கேட்காது. தோட்டக்கோடி வரை சிக்னல் எட்டுமானால் வைஃபை மாடலுக்கான கூடுதல் பணம் வீண் இல்லை, அது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இணையும். எட்டாது என்றால் சாதா மாடலோடு அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிந்துவைக்கும் மலிவான தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, காலையில் தண்ணீர் ஊற்றப் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.